வாக்கியத்தின் நடுவே ஒரு கூட்ஸ் வண்டி

1

என் மகள் தாரிணி ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், பாதியில் நின்றுவிடுவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். கண் சன்னல் பக்கம் போகும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பதில் சொல்ல மாட்டாள். பிறகு, எந்த இடத்தில் விட்டாளோ அதே இடத்திலிருந்து தொடர்வாள். அதற்குள் எதிரில் இருந்தவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

அவளுக்கு நான்கு வயது. இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகள் மூடிய ஒரு பழைய ஊரில் இருக்கிறோம். என் கணவருக்கு இங்குள்ள மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. தாரிணி போகும் நர்சரியில் காலையில் குழந்தைகள் எல்லாரும் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும். “நேற்று எங்கள் தோட்டத்துக்கு ஒரு பூனை” என்று இவள் ஆரம்பித்து நின்றுவிடுவாளாம். அடுத்த பையன் தன் புது சைக்கிளைப் பற்றிச் சொல்லி முடித்து, இன்னொரு பெண் தன் பாட்டியின் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவள் திடீரென்று “வந்து மீன் சாப்பிட்டது” என்பாளாம். ஆசிரியை இதை என்னிடம் சிரித்தபடிதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லப்படும் விஷயங்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

காது சோதித்தார்கள். நன்றாகக் கேட்கிறது. தலையில் ஒயர்கள் ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். அதிலும் குறை இல்லை. கடைசியில் ஒரு பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்பினார்கள். அங்கே முன்னறையில் இருந்த பெண் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்டாள். தமிழ் என்றேன். அவளிடம் இருந்த பட்டியலில் தமிழ் இல்லை. “மற்றவை” என்று குறித்துக்கொண்டாள். ஊரில் இருந்தவரை என் மொழிக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரியாது.

நிபுணர் நல்ல பெண்மணி. தாரிணியோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். பிறகு என்னிடம், இரண்டு மொழிகள் குழந்தைக்குள் ஒன்றையொன்று இடிக்கின்றன, அதனால்தான் நடுவில் நின்றுபோகிறாள், ஒரு வருடம் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசிப் பாருங்கள் என்றார். நான் சரி என்றேன். டாக்டர்கள், ஆசிரியர்கள், கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் எது சொன்னாலும் நான் முதலில் சரி என்றுதான் சொல்வேன். யோசிப்பதெல்லாம் பஸ் ஏறிய பிறகுதான்.

2

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டிய இரண்டாவது வரிசையில். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார வண்டி, பீச்சுக்குப் போகும் வண்டி, தெற்கே போகும் எக்ஸ்பிரஸ், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத கூட்ஸ். வண்டி வரும்போது சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முணுமுணுக்கும். பிறகு யார் என்ன பேசினாலும் யார் காதிலும் விழாது.

அதனால் எங்கள் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதியதில்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. வண்டி வந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். வண்டி போனதும், யாருடைய வாக்கியம் பாதியில் நின்றதோ அவர்தான் முதலில் பேச வேண்டும், விட்ட இடத்திலிருந்து. குறுக்கே யாரும் நுழையக் கூடாது. சண்டைக்கும் இதே சட்டம்தான். அம்மாவும் அப்பாவும் கூடத்தில் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள். வண்டி வரும். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி காத்திருப்பார்கள். எக்ஸ்பிரஸ் என்றால் கோபம் அப்படியே இருக்கும். கூட்ஸ் என்றால் பெரும்பாலும் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. “பொண்ணு எப்படி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்.

“எங்க பொண்ணுக்கா? சின்ன வயசுல ஒரு தடவை அம்மை போட்டுச்சு, அதுக்கப்புறம்...” என்றாள் அம்மா.

கூட்ஸ் வந்தது. அம்மா நிறுத்தினாள். அப்பா சுவரைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமி காபித் தட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். வந்தவர்கள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டி கடக்கும்போதும் பெரியப்பாவின் முகத்தில் என் வியாதி வளர்ந்துகொண்டே போனது. கடைசிப் பெட்டி போன பிறகு அம்மா நிதானமாக, “ஒரு தலைவலி கூட வந்ததில்ல,” என்றாள்.

இன்றுவரை என் கணவர் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

3

தாரிணி நர்சரிக்குப் போக ஆரம்பித்ததும் எனக்கும் ஒரு பகுதிநேர வேலை கிடைத்தது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறை. ரூத் என்ற ஆராய்ச்சியாளர் எண்பதுகளில் தாம்பரத்தைச் சுற்றி அலைந்து, மக்கள் பேசுவதை டேப்பில் பதிவு செய்து வந்திருந்தார். மாடம்பாக்கத்தில் கோயில் வாசலில் பூ விற்பவர்கள், கீழ்க்கட்டளையில் வயலைப் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர்கள், தாம்பரம் மார்க்கெட், குழாயடி. அந்த நாடாக்கள் இப்போது பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பேச்சை அப்படியே தமிழில் தட்டி, குறுந்தகட்டில் ஏற்றி வைக்கும் ஆராய்ச்சி. அந்த ஊர்ப் பேச்சு அழிந்தாலும் அதன் குரல் இருக்கும் என்பார் ரூத்.

வேலைக்காக முதல் நாள் போனபோது நான் ஆங்கிலத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்த வெள்ளைக்கார அம்மாள், நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக, “வாம்மா, இன்னா இப்டி நனைஞ்சிகினு வந்துக்கீற? குடை இல்ல?” என்றார். மனப்பாடம் அத்தனையும் போய்விட்டது. ரூத் கீழ்க்கட்டளையில் ஒரு பால்காரர் வீட்டு மாடியில் தங்கித் தமிழ் கற்றவர். வேறு தமிழ் அவருக்கு வராது. நான் பள்ளிக்கூடத் தமிழில் பதில் சொன்னால், “பேப்பர் படிக்கிற மாரி பேசறியே,” என்று கேலி செய்வார்.

துண்டு பிரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்தது. பேச்சு நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து வெட்டும். இரைச்சல் இருந்தால் தூக்கி எறியும், இடம் மிச்சம். நான் கேட்டு எழுத வேண்டும். ஒருநாள் தாம்பரத்து அடிபம்பு ஒன்றில் இரண்டு பெண்கள் சண்டை போடும் நாடா வந்தது.

“இன்னாடி, கொடத்த நவுத்துற? கண்ணு தெர்லயா? காலைலேர்ந்து நின்னுகினுகீறேன், நேத்து வந்தவ நீ என்னிய” என்று ஒரு துண்டு முடிந்தது.

“தள்ளினு போறியா?” என்பது இன்னொரு துண்டாக இருந்தது.

ரூத் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். “அய்ய! ரெண்டா வெட்டிக்கீதே மிஷினு. அந்தம்மா கோவமே பூட்ச்சே!” மூல நாடாவை எடுத்துப் போட்டார். நடுவில் ரயில். அடிபம்பின் கிறீச்சும் நின்றிருந்தது. திரையில் அந்த ரயில் ஒரு மலைத்தொடர் போல நீண்டு படர்ந்தது. அது போனதும், எங்கள் தெருச் சட்டப்படியே, முதல் பெண் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இரண்டாமவள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. பிறகுதான், “உன் கொடத்துல இன்னா பேரு எழுதி வெச்சிக்கீதா?” என்றாள்.

நான் ரூத்திடம் அந்தச் சட்டத்தைச் சொன்னேன். ரூத் பெரிதாகச் சிரித்தார். “எனக்குத் தெரியாதா? தாம்பரத்துல பல்லு புடுங்கப் போனேன். டாக்டரு, ‘கொஞ்சம் கூட வலி’ன்னாரு. வண்டி வந்துச்சு. கைல கொறடு வெச்சிகினு அப்டியே நின்னாரு. வண்டி போனப்பறம் ‘இருக்காது’ன்னாரு. அதுக்குள்ள எனக்கு உசுரே இல்ல.”

நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போனேன். அன்று மாலைதான் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

4

வீட்டில் தமிழ் நின்றது. பகலில் யாரோ குழாயடிப் பெண்களின் தமிழை ஒரு எழுத்து விடாமல் காப்பாற்றுவேன். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அதை வெளியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போவேன்.

என் ஆங்கிலம் வங்கிக்கும் தபால் ஆபீசுக்கும் போதும். குழந்தையைக் குளிப்பாட்டப் போதாது. அதில் கொஞ்சத் தெரியாது, திட்டவும் தெரியாது. “கண்ணு, வாய தொறடா, ஒரே ஒரு உருண்டை” என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் பல் டாக்டர் சொல்வதுபோல இருந்தது. தாரிணி என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “அம்மா, ஏன் டீச்சர் மாதிரி பேசற?” என்று ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

கேசட்டுகளையும் எடுத்து பீரோவின் மேல் வைத்தேன். அவை ஊரிலிருந்து வந்தவை. போன் பேச விலை அதிகம் என்பதால், இங்கு வருபவர்கள் கையில் அம்மாவும் அப்பாவும் கேசட் கொடுத்தனுப்புவார்கள். தெருச் செய்தி, விலைவாசி, பேத்திக்குக் கதை. தாரிணி குழந்தையிலிருந்து அதைக் கேட்டுத்தான் தூங்குவாள். தாம்பரத்தை அவள் பார்த்ததில்லை. கைக்குழந்தையாக ஒருமுறை போனது கணக்கில் சேராது.

சில வாரங்களில் நர்சரி ஆசிரியை, முன்னேற்றம் தெரிகிறது, நடுவில் நிற்பது குறைந்திருக்கிறது என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அவள் பேசுவதே குறைந்திருந்தது. வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. எஸ், நோ, டோண்ட் வாண்ட். நிற்பதற்கு அவற்றுக்கு நடுவே இடமே இல்லை.

“பொறுத்துப் பாரு. அவங்க படிச்சவங்க,” என்றார் என் கணவர்.

“நானும்தாங்க படிச்சிருக்கேன்.”

“அதான் சொல்றேன். படிச்சவ மாதிரி பொறுமையா இரு.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் பயந்திருந்தார். பள்ளியில் சேரும் வயதில் குழந்தை பின்தங்கிவிட்டால் யாரைக் கேட்பது? நான் தமிழைப் பிடித்துக்கொண்டு அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டால்? தமிழை விட்டுவிட்டு அவளையே விட்டுவிட்டால்? குழாயில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இந்த இரண்டும் மாறி மாறி வந்தன.

5

நர்சரியில் ஹீட்டர் கெட்டுப்போய் ஒருநாள் விடுமுறை விட்டார்கள். வேறு வழியில்லாமல் தாரிணியை என்னோடு வேலைக்கு அழைத்துப் போனேன். ரூத்திடம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை வழியெல்லாம் தயார் செய்தேன்.

ரூத் குனிந்து, “இன்னா கண்ணு, அம்மாகூட வேலைக்கு வந்துக்கீறியா? சம்பளம் எவ்ளோ வோணும்?” என்றார்.

தாரிணி என்னைப் பார்த்தாள். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தமிழ் பேசலாம், அம்மா பேசக் கூடாது என்பது அவளுக்குப் புரியவில்லை. அனுமதி கேட்பதுபோல் பார்த்தாள். நான் தலையசைத்துவிட்டேன். ஏன் அசைத்தேன் என்று இப்போதும் தெரியாது.

“பிஸ்கட்,” என்றாள்.

பிஸ்கட் வந்தது. மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ரூத்திடம் பூனைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பல வாரங்களாக அடைத்து வைத்திருந்த தமிழ் அப்படியே கொட்டியது. “அந்தப் பூனை கருப்பா, பெருசா, மதில் மேல ஏறி எங்க சமையல் ரூமை எட்டிப் பாத்து...”

நின்றுவிட்டாள். கண் சுவர்ப்பக்கம் போனது. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது.

அவளைக் கூப்பிடப் போனேன். ரூத் என் பக்கம் கையை நீட்டித் தடுத்தார். அவரும் பேசவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி, எங்கள் தெருவில் எல்லாரும் இருப்பதுபோலவே இருந்தார். வெகுநேரம். நர்சரியில் யாரும் இவ்வளவு நேரம் விட்டதில்லை.

“...மீனு இருக்கான்னு கேட்டுச்சு,” என்றாள் தாரிணி.

ரூத் பிஸ்கட்டைக் கடித்தார். வெகு சாதாரணமாக, “இன்னா வண்டி அது? பீச் வண்டியா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றாள் என் மகள். இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. “கூட்ஸ்.”

பீரோ மேல் வைத்த கேசட்டுகள் நினைவுக்கு வந்தன. அம்மா சொல்லும் கதைகள் அனைத்திலும் வண்டி போகும். சிங்கம் வாயைத் திறக்கும், வண்டி வரும், அம்மா நிறுத்துவாள், வண்டி போகும், சிங்கம் முயலைக் கேட்கும். தாரிணிக்கு அது கதைக்கு வெளியே இருந்து வரும் சத்தம் இல்லை. ஒரு நீளமான விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நிறுத்தி, எதிரில் இருப்பவர் காத்திருக்க, பிறகு முடிக்க வேண்டும். பெரியவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். அவள் தன் சட்டப்படி நடந்திருக்கிறாள். கம்பளத்தில் உட்கார்ந்திருந்த மற்றக் குழந்தைகள்தான் அவள் முறையைப் பறித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ரூத் குழாயடி நாடாவைப் போட்டு ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார். ரயில் வந்தபோது அவள் பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினாள். போனதும் மென்றாள்.

6

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ஆனால் சட்டையைக் கழற்றியபடி யோசித்தார்.

“கேசட் மட்டும் இல்ல. நீயும் நிறுத்துவ.”

“நானா?”

“கல்யாணமான புதுசுல, ஏதோ சொல்லிக்கிட்டே இருப்ப, பட்டுனு நிறுத்திடுவ. கோவமோன்னு பயந்துக்கிட்டு நான் எதையாவது பேசி வைப்பேன். அப்பத்தான் நிஜமாவே கோவம் வரும் உனக்கு.”

இத்தனை வருடம் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

பீரோ மேலிருந்து கேசட்டுகளை அவரே எடுத்துத் தந்தார்.

நிபுணரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சுவாரசியமாக இருக்கிறது என்றார். ஆனால் அம்மாக்கள் காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள், தன் ஆலோசனையில் மாற்றம் இல்லை என்றும் சொன்னார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசப் போகிறோம்,” என்றேன். வசந்த காலத்தில் மறுபடி பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்.

நான் சொன்னது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. சில சமயம் அவள் ரொம்பச் சின்ன வாக்கியத்தில்கூட நிற்கிறாள். அதற்கு எந்த வண்டியைக் காரணம் சொல்வது? நர்சரி ஆசிரியையிடமும் சொன்னேன்; அவர் மட்டும், காத்திருந்து பார்க்கிறோம் என்றார். இப்போது கம்பளத்தில் தாரிணி நின்றால் மற்றக் குழந்தைகள் மெதுவாக ரயில் சத்தம் எழுப்புகிறார்களாம். அவள் அதைச் சகித்துக்கொள்கிறாளாம்.

என் வேலையும் மாறியிருக்கிறது. கம்ப்யூட்டர் வெட்டிப்போட்ட அரை வாக்கியங்களைத் தேடி எடுத்து, மூல நாடாவிலிருந்து அந்தந்த ரயிலை நடுவே வைத்து ஒட்டுகிறேன். குறுந்தகட்டில் நிறைய இடம் பிடிக்கிறது. பரவாயில்லை, ரயிலும் பேச்சுதான் என்கிறார் ரூத்.

தாரிணி பேசிய ஒரு கேசட்டை ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினோம். பூனைக் கதை முழுவதும் இருந்தது, நிற்கும் இடங்களோடு. கிடைத்ததா என்று கேட்க, சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். தாரிணியும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“வந்துச்சுடி. நாலு தடவை போட்டாச்சு. மாமி வேற வந்து கேட்டுட்டுப் போனா,” என்றாள் அம்மா.

“நடுவுல நிறுத்துறாளேம்மா, கவனிச்சியா?”

“எங்க நிறுத்தினா?”

“பூனை எட்டிப் பாத்துச்சுன்னு சொல்லிட்டு, ரொம்ப நேரம்...”

“அதுவா? வண்டி போச்சு, பேசாம இருந்தா. அதுக்கென்ன இப்ப?”

“அம்மா, இங்க ஏது வண்டி?”

அம்மா அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. என் குரலில் இருந்த வேறொன்றை மட்டும் கேட்டுக்கொண்டாள். “இதுக்காடி அழற? இங்க பாரு, உன் பொண்ணுக்கு ஒரு குறையும்...”

டம்ளர்கள் முணுமுணுப்பது போனில் கேட்டது. பிறகு அந்தச் சத்தம். அம்மா நிறுத்திக்கொண்டாள். என் கணவர் கடிகாரத்தைக் காட்டிச் சைகை செய்தார். போன் அட்டையில் காசு கரைந்துகொண்டிருந்தது. நான் பேசவில்லை. தாரிணியும் மூச்சுவிடாமல் காத்திருந்தாள். பெட்டி பெட்டியாகத் தாம்பரம் எங்கள் இருவர் காதுக்கும் நடுவே போய்க்கொண்டே இருந்தது.

“கூட்ஸ்,” என்று உதடு மட்டும் அசைத்து எனக்குச் சொன்னாள்.

கடைசிப் பெட்டியும் போயிற்று.

“...கிடையாது,” என்றாள் அம்மா.